நீலம் காட்டிய அளவு

நுழையும்முன்

மருத்துவமனையில் தரப்படும் குருதி ஆய்வுத்தாளில் சில எண்கள் மட்டுமே அச்சாகியிருக்கும். அந்த எண்களை அளக்கும் வழியைக் கண்டவர் யார் என்பதை அத்தாள் கூறுவதில்லை. சென்னையில் மருத்துவம் பயின்று, கடல் கடந்து சென்று, உடலின் வேதியியலை அளந்து காட்டிய எல்லாப்பிரகத சுப்பாராவின் வாழ்க்கையை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

உப்பளத்திலிருந்து ஓர் ஆய்வுத்தாள்

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டி அமைந்த மரக்காணம், விழுப்புரம் மாவட்டத்தின் உப்பு விளையும் ஊர். மழைக்காலம் முடிந்ததும் பாத்திகளைச் சீராக்கி, மண்ணை மிதித்து இறுக்கி, உவர்நீரைப் பாய்ச்சுவர். நீர் வற்றி உப்புப் படிந்தபின், நீண்ட கைப்பிடியுள்ள பலகையால் அதனை வாரி வரப்பில் குவிப்பர். வெயில் ஏற ஏறத்தான் விளைச்சல் மிகும். ஆகவே, பிறர் நிழல் தேடும் கோடையே உப்பளத்தாருக்கு வேலைக்காலம். மேலிருந்து வெயிலும் கீழிருந்து வெண்ணுப்பின் எதிரொளியும் அவர்களை வாட்டும். வியர்வையாய் வழிந்தோடிய நீரை ஈடுசெய்யும் அளவு அவர்கள் தண்ணீர் அருந்துவதில்லை. ஒதுங்குவதற்கு மறைவிடமற்ற வெட்டவெளியில் வேலை செய்யும் பெண்களோ, தாகத்தை அடக்கிக்கொள்வதையே வழக்கமாக்கிக்கொள்கின்றனர்.

இதன் சுமை சிறுநீரகத்தின் மேல் விழுகிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளங்களில் 300-க்கும் மேற்பட்ட தொழிலாளரை ஆராய்ந்தனர். பெரும்பாலோர் பாதுகாப்பான வரம்பை மீறிய வெப்பத்தில் உழைப்பதையும், நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருப்பதையும் அவர்கள் கண்டனர். சிறுநீரகம் தளர்வதை உடல் உடனே உணர்த்துவதில்லை. பெரும்பகுதி பழுதுற்ற பின்னரே வீக்கமும் சோர்வும் தலைகாட்டும். அதற்கு முன்பே அதனைக் காட்டிக்கொடுப்பது குருதி ஆய்வுதான். குருதியில் கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருள் கூடுகிறதா என்று முதலில் பார்ப்பர். நோய் முற்றும்போது பாஸ்பரஸின் அளவையும் தொடர்ந்து கவனிப்பர். நலமான வயதுவந்தவர் ஒருவரின் குருதியில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 2.5 முதல் 4.5 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்கும். இவ்வளவு சிறிய பொருளை நம்பகமாக அளக்க வழிகண்டவர்களுள் ஒருவரே சுப்பாராவ். கிரியாட்டினின் உடலில் எப்பொருளிலிருந்து பிறக்கிறது என்பதற்கான விடையிலும் அவர் கை இருக்கிறது.

மரக்காணத்தில் முடிவடையும் பக்கிங்காம் கால்வாய், வடக்கே ஆந்திரத்தின் பெத்தகஞ்சம் வரை ஏறத்தாழ 420 கி.மீ. நீள்கிறது. அதனோடு இணைந்த கால்வாய்கள் கோதாவரிப் படுகையை எட்டுகின்றன. அந்தப் படுகையில் உள்ள பீமவரத்தில்தான், அன்றைய சென்னை மாகாணக் குடிமகனாக, 1895 ஜனவரி 12 அன்று சுப்பாராவ் பிறந்தார்.

மூன்றாம் முயற்சி

தந்தை ஜகந்நாதம் வருவாய்த் துறையில் பணியாற்றியவர். உடல்நலம் குன்றிப் பணியை முன்னதாகவே விட நேர்ந்தது. குடும்பம் வறுமையில் வீழ்ந்தது. சிறுவன் சுப்பாராவுக்குப் படிப்பில் நாட்டம் செல்லவில்லை. காசிக்கு வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் செல்வம் சேரும் என்று எண்ணி வீட்டைவிட்டு ஓடினான். தாய் வேங்கம்மா அவனைத் தேடிப் பிடித்து வரச்செய்தார். கணவரை இழந்த பிறகும் மகன் படிப்பை அவர் கைவிடவில்லை. தம் நகைகளை விற்று மகனைப் பள்ளிக்கு அனுப்பினார். பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தவறிய சுப்பாராவ், சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறை தேறினார்.

மாநிலக் கல்லூரியில் கணிதம் பயின்றபோது இராமகிருஷ்ண இயக்கத்தின்பால் ஈர்க்கப்பட்டுத் துறவு பூண விழைந்தார். தாய் இசையவில்லை. மருத்துவராகி மக்களுக்குத் தொண்டாற்றலாமே என்று மடத்தினர் வழிகாட்ட, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புச் செலவை நண்பர்களும், பின்னர் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் தாங்கினர். 1919-இல் அவர் மகளைச் சுப்பாராவ் மணந்தார்.

அது காந்தியடிகளின் குரல் நாடெங்கும் ஒலித்த காலம். அயல்நாட்டுத் துணியை விலக்கிய சுப்பாராவ், அறுவை அரங்கிலும் கதராலான மேலங்கியையே அணிந்தார். அறுவை மருத்துவத்தின் ஆங்கிலேயப் பேராசிரியருக்கு இது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்கு எழுதியும், முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு மாறாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே அவருக்குக் கிட்டியது. சென்னை மருத்துவப் பணியிலும் இடம் கிடைக்கவில்லை. ஒரு மேலங்கிக்காக ஒருவரின் வாழ்க்கைப் பாதையே திரும்பியது என்பது இன்று வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், அப்பட்டம் கிடைத்திருந்தால் அவர் ஏதேனும் ஒரு மாவட்ட மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வு பெற்றிருக்கவும் கூடும்.

டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளராக அவர் சேர்ந்தார். அவ்வாண்டுகளை ஒட்டி ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் அவர் குடும்பத்தைத் தாக்கியது. உண்ட உணவின் சத்தைக் குடல் ஏற்காது, ஓயாத வயிற்றுப்போக்கும் குருதிச்சோகையும் மிகுந்து உடல் கரையும் நோய் அது. உடன்பிறந்தார் இருவரை எட்டு நாள் இடைவெளியில் அது கொண்டுபோயிற்று. சுப்பாராவும் அதன் பிடியில் சிக்கி, லட்சுமிபதியின் ஆயுர்வேத மருத்துவத்தால் மீண்டார். அந்நோய்க்கு மருந்து எது என்று அன்று எம்மருத்துவமும் தெளிவாக அறிந்திருக்கவில்லை. அதை அறியும் வேட்கையே அவரை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றியது. மாமனார் தந்த பொருளும், மல்லாடி சத்யலிங்க நாயக்கர் அறக்கட்டளை தந்த உதவியும் வழிச்செலவுக்கு ஆயின. சில ஆண்டுகளில் திரும்பிவிடுவதாகச் சொல்லிச் சென்றார்.

நிறம் மாறும் கரைசல்

1920-களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரை அடைந்த சுப்பாராவ், ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் பயின்றார். இந்தியச் சான்றை வைத்து அங்கே மருத்துவத் தொழில் செய்ய இயலாது. ஆகவே வயிற்றுப்பாட்டுக்காகப் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவுப் பணியாளராகச் சேர்ந்து, நோயாளிகளின் மலசலக் கலங்களைத் துப்புரவு செய்தார். பகலில் ஆய்வகம், இரவில் மருத்துவமனை என அவர் நாள்கள் கழிந்தன.

ஹார்வர்டு உயிர்வேதியியல் துறையின் தலைவர் ஆட்டோ ஃபோலின், சிறுநீரிலுள்ள கிரியாட்டினினை நிறத்தைக்கொண்டு அளக்கும் முறையை வகுத்துப் புகழ்பெற்றவர். அத்துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் கீழ்ச் சுப்பாராவ் ஆய்வைத் தொடங்கினார். குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளப்பது அவருக்கு இடப்பட்ட பணி. முன்பிருந்த முறைகளில் நிறம் நிலைத்து நிற்காததால் அளவு பிழைபட்டது. பாஸ்பேட் உள்ள கரைசலில் அமிலம் கலந்த மாலிப்டேட்டைச் சேர்த்து, அமினோநாஃப்தால் சல்போனிக் அமிலத்தால் அதனை ஒடுக்கினால் தெளிந்த நீலநிறம் தோன்றுவதை இருவரும் கண்டனர். பாஸ்பேட் மிகுந்தால் நீலம் அடரும், குறைந்தால் வெளிறும். அளவு தெரிந்த கரைசலின் நீலத்தோடு ஒப்பிட்டால் குருதியின் கணக்கு விளங்கிவிடும். 1925-இல் வெளியான இந்த ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை உலகின் ஆய்வகங்கள் அனைத்துக்கும் பரவியது. உயிர்வேதியியலில் மிகுதியாக எடுத்தாளப்பட்ட கட்டுரைகளுள் அதுவும் ஒன்று.

தசைச் சாற்றை இம்முறையால் சோதித்தபோது ஒரு முரண் தென்பட்டது. வழக்கமாகச் சில நிமிடங்களில் முழுமையடையும் நீலம், இங்கே மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே சென்றது. கருவியின் பிழை என்று ஒதுக்கியிருந்தால் ஆய்வு அங்கேயே முடிந்திருக்கும். தசையில் உறுதியற்ற பாஸ்பரஸ் சேர்மம் ஒன்று உடைந்து, சிறிது சிறிதாகப் பாஸ்பேட்டை விடுவிக்கிறது என்று இருவரும் உய்த்துணர்ந்தனர். கிரியாட்டினோடு பாஸ்பேட் இணைந்த பாஸ்போகிரியாட்டின் அது. அதனை அவர்கள் 1927-இல் அறிவித்தனர். அதே காலத்தில் இங்கிலாந்தில் எகில்டன் இணையரும் அப்பொருளைத் தனியே கண்டனர். தசைச் சுருக்கத்துக்கு லாக்டிக் அமிலமே அடிப்படை என்று, நோபல் பரிசு பெற்ற அறிஞர்கள் கொண்டிருந்த கருத்து இதனால் ஆட்டம் கண்டது. தசையிலுள்ள கிரியாட்டினும் பாஸ்போகிரியாட்டினும் நாள்தோறும் ஓரளவு சிதைந்து கிரியாட்டினின் ஆகின்றன. அதனைச் சிறுநீரகம் வடித்து வெளியேற்றுகிறது. உப்பளத் தொழிலாளியின் ஆய்வுத்தாளில் காணும் கிரியாட்டினின் எண்ணுக்கு வேர் இங்கே இருக்கிறது.

1929-இல் மூன்று பாஸ்பேட்டுகளைக் கொண்ட இன்னொரு பொருளைத் தசையிலிருந்து இருவரும் பிரித்தனர். உயிரணுக்கள் ஆற்றலைக் கைமாற்றிக்கொள்ளப் பயன்படுத்தும் நாணயம் எனத்தக்க ஏ.டி.பி. அதுவே. ஜெர்மனியில் கார்ல் லோமானும் அவ்வாண்டிலேயே அதனைக் கண்டறிந்தார். 1930-இல் சுப்பாராவுக்கு ஹார்வர்டு முனைவர் பட்டம் வழங்கியது.

மறைந்த பங்கு

இத்தனைக்குப் பிறகும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி கிட்டவில்லை. கண்டுபிடிப்புகளில் ஃபிஸ்கின் பங்கே பெரிதென்று அத்துறையில் கருதப்பட்டது. சுப்பாராவும் அதனை மறுத்துப் பேசவில்லை. பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிச்சிங்ஸ், மாணவராக அதே ஆய்வகத்தில் இருந்தவர். சுப்பாராவ் பிரித்தெடுத்த நியூக்ளியோடைடுகள் சில, ஃபிஸ்கின் பொறாமையால் வெளிவராமல் போய்ப் பின்னர் வேறு அறிஞர்களால் மீண்டும் கண்டறியப்பட வேண்டியதாயிற்று என்பது அவருடைய கருத்து. தன்னடக்கம் போற்றத்தக்க பண்புதான். ஆனால் உரிமையைக் கேளாத தன்னடக்கத்தால் அறிவியலுக்கும் இழப்பு நேர்கிறது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

அவர் வகுத்த அளவீடு மட்டும் பதவியையும் புகழையும் எதிர்பாராமல் தன் வேலையைச் செய்தது. சில குடும்பங்களில் குழந்தைகளின் கால் எலும்புகள் வளைகின்றன. வைட்டமின் டி கொடுத்தாலும் நிமிர்வதில்லை. சிறுநீரகம் பாஸ்பேட்டைத் தேக்கிவைக்காமல் சிறுநீரில் விட்டுவிடுவதே காரணம். 1958-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இத்தகைய குடும்பத்தாரின் குருதிப் பாஸ்பரஸை அளந்தனர். எலும்பு வளையாத உறவினர் சிலருக்கும் பாஸ்பரஸ் குறைந்திருந்தது. அந்தக் குறைவையே அடையாளமாகக் கொண்டு வழிமுறையைத் தொடர்ந்தபோது, குறையுடைய தந்தையிடமிருந்து மகள்கள் அனைவருக்கும் அது செல்வதும், மகன்களுக்குச் செல்லாததும் புலப்பட்டன. அப்படியாயின் அம்மரபணு எக்ஸ் நிறப்புரியில் இருக்க வேண்டும். 1995-இல் அந்த மரபணு அடையாளம் காணப்பட்டது. கண்ணுக்குத் தெரியும் வளைந்த எலும்பை மட்டும் நம்பியிருந்தால் மரபுவழி இவ்வளவு தெளிவாகப் புலப்பட்டிராது.

உடன்பிறந்தார்க்குக் கிட்டாத மருந்து எனலாம்படி

1940-இல் சுப்பாராவ் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்து, விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். ஈரலில் மறைந்திருந்த குருதி பெருக்கும் சத்து ஒன்றைப் பிரிப்பதே அவர் கொண்ட முதல் இலக்கு. பம்பாயின் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்களின் குருதிச்சோகையை ஈஸ்ட் சாறு போக்குவதை லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் முன்னரே காட்டியிருந்தார். அச்சாற்றிலும் ஈரலிலும் இருந்த பொருள் ஃபோலிக் அமிலம். சுப்பாராவின் குழுவினர் அதன் அமைப்பை அறிந்து, 1945-இல் அதனைச் செயற்கையாகவே உருவாக்கினர். ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அது கொடுக்கப்பட்டபோது குருதி ஊறியது, உடல் தேறியது. உடன்பிறந்தாரைப் பறிகொடுத்து ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பிறகு அம்மருந்து அவர் கைக்கு எட்டியது.

ஃபோலிக் அமிலம் உயிரணுக்கள் டி.என்.ஏ.வைப் படைக்க உதவுவது. பாஸ்டனில் குழந்தைகளின் குருதிப் புற்றுநோயை ஆராய்ந்த சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலச் சேர்மங்கள் அந்நோயை விரைவுபடுத்துவதாகக் கருதினார். அவ்வாறாயின் அதன் வேலையைத் தடுக்கும் போலிப்பொருள் நோயை ஒடுக்குமா என்பது அடுத்த கேள்வி. சுப்பாராவின் ஆய்வகம் அத்தகைய அமினாப்டெரினைச் செய்து அனுப்பியது. கடுமையாக நோயுற்ற 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்று ஃபார்பர் 1948 ஜூனில் அறிவித்தார். அம்மருந்தின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் வழங்கப்படுகிறது. அது சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், கொடுப்பதற்கு முன் கிரியாட்டினினைப் பார்ப்பது மருத்துவரின் கடமை.

தடந்தொடர்ந்தவை

1948 ஆகஸ்டில் சுப்பாராவ் உறக்கத்திலேயே மாரடைப்பால் மறைந்தார். வயது 53. சில ஆண்டுகளில் திரும்புவதாகச் சொன்னவர் தாயகத்தையும் மனைவியையும் மீண்டும் காணவேயில்லை. அமெரிக்கக் குடியுரிமையையும் அவர் பெறவில்லை. தம் ஆய்வகத்தின் வெற்றிகளைத் துணை ஆய்வாளர் பெயரில் வெளியிடச் செய்துவிட்டுச் செய்தியாளர்களைத் தவிர்த்தே வாழ்ந்தார். விடுதலை பெற்ற இந்தியா, அவருடைய நூற்றாண்டான 1995-இல் அஞ்சல்தலை வெளியிட்டது.

உயிரணுவை ஏமாற்றும் போலிப்பொருள் மருந்தாகலாம் என்னும் எண்ணத்தை, ஹார்வர்டில் சுப்பாராவை அறிந்திருந்த அதே ஹிச்சிங்ஸ், ஜெர்ட்ரூட் எலியானோடு சேர்ந்து தம் வழியில் வளர்த்துவந்தார். சுப்பாராவ் இரவுப்பணி செய்த பிரிகாம் மருத்துவமனையில்தான் 1954-இல் வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று நடந்தது. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே மரபணுக்களை உடைய ஒத்த இரட்டையர் ஆதலால் புதிய உறுப்பை உடல் எதிர்க்கவில்லை. மரபணு வேறுபட்டவர்களின் உடல் எதிர்ப்பதை அடக்க மருந்து தேவைப்பட்டது. ஹிச்சிங்ஸும் எலியானும் உருவாக்கிய அசாதியோபிரின் அதற்குத் துணையாயிற்று.

எதிர்ப்பாற்றல் அடங்கினால் வேறொரு தொல்லை எழும். அக்கியையும் வாய்ப்புண்ணையும் உண்டாக்கும் ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்கள், ஒருமுறை நுழைந்தபின் உடலைவிட்டு நீங்குவதில்லை. நரம்பணுக்களிலோ குருதியணுக்களிலோ அவை உறங்கிக்கிடக்கும். சிறுநீரக மாற்றுக்குப் பின் எதிர்ப்பாற்றல் குறையும்போது விழித்துக்கொள்ளும். எலியானின் குழுவில் உருவான அசைக்ளோவிர் இவ்வைரஸ்களை மடக்கும் விதம் நுட்பமானது. அம்மருந்து தானாக எதையும் செய்யாது. வைரஸின் நொதி அதன்மேல் முதல் பாஸ்பேட்டை ஏற்ற, உயிரணுவின் நொதிகள் மேலும் இரண்டை ஏற்றுகின்றன. மூன்று பாஸ்பேட் பெற்றபின் அது வைரஸின் டி.என்.ஏ. வளர்வதை நிறுத்துகிறது. வைரஸ் இல்லாத உயிரணுவில் முதல் பாஸ்பேட் ஏறுவது அரிதாதலால் அவ்வணு பெரும்பாலும் தப்பிக்கிறது. பாஸ்பேட்டை வழங்குவது ஏ.டி.பி. போன்ற பொருள்களே. ஹிச்சிங்ஸும் எலியானும் 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

லெடர்லியில் சுப்பாராவின் தலைமையில் உருவான மற்றொரு மருந்து ஹெட்ரசான். யானைக்கால் நோய்க் கிருமிகளைக் கொல்லும் அது 1947-இல் வெளிவந்தது. வேதியியலார் அதனை டைஎத்தில் கார்பமசின் என்பர். ஊர்ப்புறச் சுகாதாரப் பணியாளர்கள் டி.இ.சி. என்பர். கொசுவால் பரவும் அந்நோய் கால்களைப் பெருக்கவைப்பதோடு, சிலருக்குச் சிறுநீரைப் பால்போல் வெளுக்கவும் செய்வது. மரக்காணத்துக்குத் தெற்கே, இதே கடற்கரையில் உள்ள காரைக்காலில் 1980-களில் அம்மருந்தைச் சமையல் உப்பில் கலந்து மக்களுக்கு வழங்கினர்.